மூணு போட்ட டீச்சர்

என்னைக் கேட்டா, ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் இருக்கிற நம்பர்லேயே ரொம்பப் பொல்லாதது மூணுதான். ஆறு போட்டா, "எப்படி ஆறு, காட்டு"ன்னு கேப்பாங்க. ஒண்ணோ ரெண்டோ போட்டா, "ஏன் இப்படி, நீ என்ன நடவடிக்கை எடுத்தே, ரிப்போட் எழுது"ன்னு கேப்பாங்க. மூணு போட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. பிள்ளை குறைஞ்சபட்ச அளவை எட்டிடுச்சுன்னு அர்த்தம். தலைமையாசிரியைக்குச் சந்தோசம், பெத்தவங்களுக்குச் சந்தோசம், கல்வி இலாகாவுக்குச் சந்தோசம். நானும் நேரத்தோட ஃபெரியப் புடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்.

என் பேரு பிரமிளா. ஜார்ஜ்டவுன்ல ஒரு தமிழ்ப்பள்ளியில பதினெட்டு வருசமா மலாய் சொல்லிக் குடுக்கிறேன். என் வீடு கடலுக்கு அக்கரையில, பாகான் டாலாம்ல. ஆறாம் ஆண்டுக்கு இருந்த பெரிய பரீட்சைய எடுத்ததுலேருந்து, பிள்ளைங்கள வருசம் முழுக்கப் பாத்து நாங்களேதான் நிலை போடுறோம். அடைவு நிலைன்னு பேரு. நாங்க டீச்சருங்க டி.பி.ன்னு சொல்லுவோம். வருசக் கடைசியில கம்ப்யூட்டர்ல ஏத்தணும். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிதான் கடைசி. என் வகுப்புல இருபத்தாறு பேரு. இருபத்தஞ்சு பேருக்கு ஏத்தி முடிச்சிட்டேன். பாக்கி ஒருத்தி, லோஷினி.

லோஷினிக்கு மலாய் படிக்கத் தெரியாது. கொஞ்சம் வீக், கொஞ்சம் தடுமாறுவா, அந்தக் கதையெல்லாம் இல்ல. தெரியவே தெரியாது. பன்னெண்டு வயசு, ஆறாம் ஆண்டு. நாலாம் ஆண்டுலேருந்து அவளுக்கு மலாய் எடுக்கிறது நான்தான். நாலுலயும் மூணு, அஞ்சுலயும் மூணு. ரெண்டையும் போட்டது இந்தக் கைதான்.

தெரியாமப் போட்டேன்னு நெனைக்காதீங்க. தெரிஞ்சேதான் போட்டேன்.

என் வகுப்புல முன்னாடி ரெண்டு மேசையச் சுத்தி எட்டுப் பேரு. அப்பா கிளார்க்கு, அம்மா நர்சு, இல்லாட்டி ஃபேக்டரியில சூப்பர்வைசர். சாயங்காலம் ஆனா டியூசன், வீட்ல மலாய்ப் புஸ்தகம். நான் கேள்விய முடிக்கிறதுக்குள்ள கை மேல நிக்கும். கதை சொல்ற போட்டிக்குக் கூட்டிட்டுப் போனா கோப்பையோட திரும்பும். நான் பாடம் நடத்துனது அந்த எட்டுப் பேருக்குத்தான். மத்த பதினெட்டுப் பேரும் பாடம் நடந்த அறையில உக்காந்திருந்தாங்க. அவங்க சத்தம் போடாம இருந்தா எனக்குப் போதும்.

லோஷினி சத்தமே போட மாட்டா. அதனாலதான் அவள எனக்கு ரொம்பப் புடிக்கும். சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா அதான் உண்மை. அவள நான் தர்ஷிகா பக்கத்துல உக்கார வச்சேன். தர்ஷிகாதான் வகுப்புலயே கெட்டிக்காரி. பக்கத்துல இருந்தா இவளும் கத்துக்குவான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். உண்மை என்னான்னா, பக்கத்துல இருந்தாத்தான் பாத்து எழுத முடியும். எழுதின தாள் இருந்தாத்தான் ஃபைல்ல வைக்க முடியும். ஃபைல் நெறைஞ்சாத்தான் மூணு போட முடியும்.

எம்பையன் கிருஷாந்தும் பன்னெண்டு வயசுதான். சீனப்பள்ளியில படிக்கிறான். ஆமா, தமிழ்ப்பள்ளி டீச்சர் மகன்தான். அவன் மலாய்ல நாலு வாங்கிட்டு வந்த அன்னிக்கு நான் அவன் வாத்தியாருக்கு ஃபோன் போட்டு அரை மணி நேரம் பேசினேன். ஏன் நாலு, எங்க தப்பு, வாசிக்கிறதுலயா எழுதுறதுலயான்னு. லோஷினிக்காக நான் யாருக்கும் ஃபோன் போட்டதில்ல.

சரி, இத்தனை வருசம் உறுத்தாதது இப்ப ஏன் உறுத்துச்சுன்னு கேப்பீங்க. ஒரு பஸ்ஸுதான் காரணம்.

போன மாசம் ஸ்கூல் முடிஞ்சு ஃபெரிக்கு நடந்து போய்க்கிட்டிருந்தேன். ஜெட்டி பஸ் ஸ்டேசன்ல லோஷினி நிக்கிறா, கையில தங்கச்சியப் புடிச்சுக்கிட்டு. அவ வீடு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுல. ஒரு பஸ் வந்து நின்னுச்சு. அன்னிக்குப் பாத்து நெத்தியில நம்பர் எரியிற லைட்டு கெட்டுப்போயி, கண்ணாடியில ஒரு தாள ஒட்டி ஊர்ப் பேரப் பெருசா எழுதி வச்சிருந்தாங்க. 'ஆயர் ஈத்தாம்'னு ரூமியில, அதான் மலாய்க்கு எழுதுற இங்கிலீஷ் எழுத்துல. எழுத்து ஒவ்வொண்ணும் என் கையளவு இருக்கும். இந்தப் பொண்ணு அதை அண்ணாந்து பாக்குறா. தலையச் சாச்சுப் பாக்குறா. அப்புறம் பக்கத்துல நின்ன ஒரு மலாய்க்காரப் பெரியவர்கிட்ட திரும்பி, இந்த பஸ் எங்க போகுது பாச்சிக்னு கேட்டா. பாச்சிக்னா மாமா. என்னா அழகான மலாய்ங்கிறீங்க! மரியாதை, நெளிவு சுளிவு எல்லாம் அப்படியே மலாய்க்காரப் பிள்ளை மாதிரி. பெரியவர் சிரிச்சுக்கிட்டே, எழுதியிருக்கேம்மா, படிக்கலையான்னு கேட்டாரு. கண்ணாடி கொண்டாரல பாச்சிக்னு சொன்னா. அவளுக்குக் கண்ணாடியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

நான் தூணுக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னுட்டேன். அவ என்னப் பாத்துடக் கூடாதுன்னு. டீச்சராம் டீச்சர்!

அன்னிக்கு ஃபெரியில உக்காந்து முடிவு பண்ணேன். இந்தத் தடவை ரெண்டுதான் போடணும். இதுல ஒரு விசயம் இருக்கு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலாய்ல மூணு இருந்தா நேரா இடைநிலைப்பள்ளியில முதல் படிவம், அதான் ஏழாம் வகுப்பு. மூணுக்குக் கீழ போச்சுன்னா இடைநிலைப்பள்ளியில ஒரு வருசம் புகுமுக வகுப்பு, மலாய மட்டும் புடிச்சு உலுக்கி எடுப்பாங்க. அப்புறம்தான் முதல் படிவம். எழுத்தே தெரியாத பொண்ணு முதல் படிவத்துல போய் உக்காந்தா வரலாறு மலாய்ல, அறிவியல் மலாய்ல, மொத்தமும் மலாய்ல. மூழ்கியே போயிடுவா. அந்த ஒரு வருசமாச்சும் யாராவது அவளுக்கு எழுத்தச் சொல்லிக் குடுக்கட்டும்னு நெனச்சேன். நான் செய்ய வேண்டியத இன்னொருத்தர் தலையில கட்டுறேன்னும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

ரெண்டு போடப் போறேன்னு சொன்னதும் தலைமையாசிரியை தவமணி மேடம் மூக்குக் கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு என்னப் பாத்தாங்க. கெட்டவங்க இல்ல. யாழ்ப்பாணக் குடும்பம், கணக்கும் ஒழுங்குமா இருக்கிறவங்க. கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பினாங்க.

"நாலாம் ஆண்டு மூணு. அஞ்சாம் ஆண்டு மூணு. யார் போட்டது, பிரமிளா?"

"நான்தான் மேடம்."

"இப்ப ரெண்டுன்னா? பிள்ளைக்கு வந்த படிப்பு எங்க போச்சு?"

"வரவேயில்ல மேடம்."

அவங்க லோஷினியோட ஃபைல எடுத்தாங்க. ஒவ்வொரு தாளாத் திருப்பினாங்க. முத்து முத்தா எழுத்து. அந்தப் பொண்ணு எழுத மாட்டா, வரைவா. தர்ஷிகாவோட தாளப் பாத்துக் கோலம் போடுற மாதிரி ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு வச்சிருப்பா. ஒரு தாள்ல மேடம் நிறுத்தினாங்க. பேரு எழுதுற எடத்துல விரலால தடவினாங்க.

"இங்க என்ன இது, வெள்ளையா?"

அஞ்சாம் ஆண்டுல ஒரு நாள் லோஷினி பாத்து எழுதுறப்போ தர்ஷிகாவோட பேரையும் சேத்து எழுதிட்டா. பாவம், எது பேரு எது பாடம்னு அவளுக்குத் தெரியல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவளக் கூப்பிட்டு இது என்னடின்னு கேக்கல. லிக்விட் பேப்பர் எடுத்து தர்ஷிகா பேர அழிச்சிட்டு, மேல லோஷினின்னு நானே எழுதி ஃபைல்ல வச்சேன். காய்றதுக்கு ஊதி வேற விட்டேன்.

மேடத்துக்குப் புரிஞ்சிடுச்சு. ஃபைல மூடி வச்சாங்க. "திங்கக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. பாடப் புஸ்தகத்துல அறுபத்தோராம் பக்கம். என் முன்னாடி படிக்கட்டும். முன்கூட்டியே சொல்லிடுங்க, பயந்துடப் போறா."

சொன்னேன். அங்கதான் நான் கோட்டை விட்டேன்.

திங்கக்கிழமை லோஷினி புஸ்தகத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. அமீர்னு ஒரு பையன் அம்மாவோட பசாருக்குப் போறான், வழியில மழை வருது, குடைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டாங்க, அதான் பாடம். தடங்கலே இல்லாமப் படிச்சா. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தினா, கேள்விக்குறி வந்தப்போ குரல ஏத்தினா. பக்கம் திருப்ப வேண்டிய எடத்துல சரியாத் திருப்பினா. மேடம் என்னப் பாத்தாங்க. நான் அவளப் பாத்தேன். நாந்தான் தப்பா நெனச்சிட்டேனோ?

அப்புறம்தான் பாத்தேன், அவ கண்ணு புஸ்தகத்துல ஓடவே இல்ல. ஒரே எடத்துல நின்னுச்சு.

நான் எந்திரிச்சுப் போயி நடுவுல ஒரு வார்த்தை மேல விரல வச்சேன். "இது என்னம்மா?"

'ஹுஜான்'. மழை. மூணாம் ஆண்டுப் பிள்ளை படிக்கும். லோஷினி என் விரலப் பாத்தா. அப்புறம் அவளோட விரலக் கொண்டு போயி பாடத்தோட முதல் வார்த்தையில வச்சா. உதட்டுக்குள்ளயே மொதல்லேருந்து ஒப்பிக்க ஆரம்பிச்சா. ஒப்பிச்சுக்கிட்டே வார்த்தை வார்த்தையா விரல நகத்திக்கிட்டு வந்தா. எங்கயோ ஒரு எடத்துல விரல் பின்தங்கிடுச்சு. என் விரல் இருந்த எடத்துக்கு வந்து சேந்து, நிமிந்து, பெருமையாச் சொன்னா.

"பாயோங், டீச்சர்."

பாயோங்னா குடை.

ரெண்டு நாள் தர்ஷிகாவப் படிக்கச் சொல்லிச் சொல்லி, காதாலயே அந்த ரெண்டு பக்கத்தையும் ஏத்திக்கிட்டிருக்கா. இந்த மூளைய வச்சுக்கிட்டு எழுத்துத் தெரியலன்னா, அது யாரு குத்தம்? எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த ஃபைலக் கிழிச்சுப் போடலாம் போல இருந்துச்சு. என் கையெழுத்து அதுல பக்கத்துக்குப் பக்கம் இருக்கே.

மேடம் லோஷினிய வகுப்புக்கு அனுப்பிட்டுக் கதவச் சாத்தினாங்க. அப்புறம் சொன்னாங்க. "அம்மாவக் கூப்பிடுங்க. அவங்க சம்மதிச்சா ரெண்டு போடுங்க. ஆனா ரெண்டு வருசமா மூணு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, பதில் நீங்க சொல்லணும். ஸ்கூல இழுக்கக் கூடாது."

"சொல்றேன் மேடம்"னு வாய் கூசாமச் சொன்னேன்.

புதன்கிழமை சாந்தினி வந்தாங்க, லோஷினியோட அம்மா. ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை, அந்த யூனிஃபார்மோடயே வந்திருந்தாங்க. ஒரு மணி நேரம் பெர்மிசன் வாங்கிட்டு ஓடி வந்த வேர்வை. நாற்காலி நுனியில உக்காந்து, பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருந்த ரிப்போட் கார்ட எடுத்து மேசையில வச்சாங்க.

"ரெண்டுன்னு சொன்னீங்களாமே டீச்சர்? ரெண்டு வருசமும் மூணுதானே?"

"ஆமாம்மா. இந்த வருசம்…"

"ஃபோன் பாக்குறாளா? எனக்குத் தெரியாம ஃபோன் பாக்குறாளா டீச்சர்? நான் ரெண்டு சிஃப்டு போறேன், வீட்ல என்ன நடக்குதுன்னே தெரிய மாட்டேங்குது."

இப்பச் சொல்லுடி, இப்பச் சொல்லுன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு என்னப் புடிச்சுத் தள்ளுது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வருசம் பாடம் கொஞ்சம் கஷ்டம்மா. கொஞ்சம் பின்தங்கிட்டா."

பின்தங்கிட்டாளாம். என் வாயில அடுப்புக் கரிய வைக்க.

"புகுமுக வகுப்பு ஒரு வருசந்தான். அங்க நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க"ன்னு இழுத்தேன்.

சாந்தினி முகம் மாறிடுச்சு. "டீச்சர், ஷர்வினத் தெரியும்தானே? எம் மூத்தவன். இதே ஸ்கூல்தான்."

தெரியும். அவன் வகுப்புக்கு நான் எடுத்ததில்ல.

"அவனும் புகுமுக வகுப்புதான் போனான். ஒரு வருசந்தான்னு அப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. கூடப் படிச்சவன் எல்லாம் முதல் படிவம், இவன் மட்டும் அந்த வகுப்பு. மறு வருசம் இவன் முதல் படிவம் போனப்போ அவனுங்க ரெண்டாம் படிவம். கண்டீன்ல பாத்தா மக்குப் பயலே, இன்னும் இங்கேயான்னு கேப்பானுங்களாம். பாதியில நின்னுட்டான் டீச்சர். ஒர்க்ஷாப்புல காரு, காடி கழுவுறான் இப்ப. எத்தனை தடவ கால்ல விழுந்தேன் தெரியுமா, திரும்பப் போகலையே." ரிப்போட் கார்ட என் பக்கம் தள்ளி வச்சாங்க. "இவள அங்க அனுப்பாதீங்க டீச்சர். மூணு போட்டுடுங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். வீட்ல நான் கண்டிக்கிறேன், நீங்க கவலையேபடாதீங்க."

அவங்க சொன்னதும் பொய் இல்ல. ஷர்வின் மாதிரி எத்தனையோ பேர நானே பாத்திருக்கேன். மூணு போட்டா பொண்ணு முதல் படிவத்துல மூழ்குவா. ரெண்டு போட்டா அண்ணன் நின்ன வாசல்ல போயி நிப்பா. மூணாவதா ஒரு வழி இருந்துச்சு. நாலாம் ஆண்டுல அவளுக்கு எழுத்தச் சொல்லிக் குடுக்கிறது. அந்தக் கதவ சாத்தினது நான்தான்.

கண்டிக்கிறேன்னு அவங்க சொன்னப்போ வேணாம்மான்னு மட்டும் சொன்னேன். ஏன் வேணாம்னு சொல்லல. அவங்க கும்பிட்டுட்டு ஓட்டமா வேலைக்குப் போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை. ஸ்கூல் விட்டாச்சு. ஆசிரியர் அறையில நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னாடி. மணி ஒண்ணே கால். அம்மா சம்மதிக்கலன்னா மூணு போட்டு முடிச்சிடுங்கன்னு மேடம் காலையிலேயே சொல்லிட்டாங்க. திரையில இருபத்தஞ்சு பேருக்கு நேரா நம்பர் இருக்கு, ஒரே ஒரு கட்டம் காலி. நான் அதப் பாக்குறேன், அது என்னப் பாக்குது.

"டீச்சர்."

வாசல்ல லோஷினி. முதுகுல பை. உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வந்து நின்னா.

"எனக்கு ரெண்டா டீச்சர்?"

"அம்மா சொன்னாங்களா?"

"ம்." காலப் பாத்துக்கிட்டே பேசினா. "நான் இந்த வருசம் ஒரு நாள்கூட லீவு போடல டீச்சர். காய்ச்சல் வந்தப்பக்கூட வந்தேன். போன வருசம் ஏழு நாள் லீவு, அப்பவே மூணு இருந்துச்சு. இந்த வருசம் தினம் வந்தும் எப்படி டீச்சர் கொறஞ்சுச்சு?"

பதினெட்டு வருசத்துல ஒரு அதிகாரி, ஒரு பெத்தவங்க, ஒருத்தர்கூட என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. அவ அம்மாகிட்ட பொய் சொன்ன வாய்க்கு அவகிட்ட பொய் சொல்ல வரல.

"கொறையலம்மா. நீ எப்பவுமே மூணு இல்ல. நான்தான் சும்மா போட்டேன்."

"சும்மாவா?"

"சும்மா."

அவ நிமிந்து என்னப் பாத்தா. "எனக்குப் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"நாலாம் ஆண்டுலயேவா?"

"நாலாம் ஆண்டுலயே."

திட்டுவான்னு எதிர்பாத்தேன். அழுவான்னு எதிர்பாத்தேன். அவ பையோட பட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு யோசிச்சா.

"நான் அம்மாகிட்ட சொன்னேன் டீச்சர். நாலாம் ஆண்டு லீவுல. எனக்கு மலாய் எழுத்து ஒண்ணும் புரியல, எல்லாம் ஒண்ணு போல இருக்குன்னு சொன்னேன். அம்மா ரிப்போட் கார்ட எடுத்துக் காட்டினாங்க. டீச்சர் மூணு போட்டிருக்காங்க, டீச்சர் பொய் சொல்லுவாங்களா, நீ டிவி பாக்குறதுக்கு நடிக்கிறேன்னு சொன்னாங்க. புஸ்தகத்தக் குடுத்துப் படின்னாங்க. நான் படிக்கல. வேணும்னே படிக்க மாட்டேங்கிறேன்னு ரோத்தான் பிரம்ப எடுத்து அடிச்சாங்க. அஞ்சாம் ஆண்டுலயும் சொன்னேன். அப்பவும் மூணுதான் டீச்சர் இருந்துச்சு. அதுக்கப்புறம் சொல்றதில்ல."

என் மேசை மேல இருந்த தண்ணிப் போத்தல நான் ஏன் எடுத்தேன், ஏன் வச்சேன்னு எனக்கே தெரியல. பத்து வயசுல இந்தப் பிள்ளை வாயத் தொறந்து உதவி கேட்டிருக்கு. என் நம்பர் அவ வாய மூடியிருக்கு. நான் இங்க ஃபெரிக்கு நேரமாச்சுன்னு ஓடிக்கிட்டிருந்திருக்கேன்.

திரும்பி அந்தக் கட்டத்துல ரெண்டுன்னு அடிச்சேன். சேமிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு குடுத்தேன். மேடம் என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்.

லோஷினி திரையப் பாத்தா. நம்பர் அவளுக்குப் படிக்க வரும். "அம்மா இன்னும் அதிகமாத்தான் கோவப்படுவாங்க டீச்சர். ரெண்டு வருசம் படிச்சவ இந்த வருசம் ஏமாத்திட்டேன்னு நெனப்பாங்க."

"நான் சொல்றேன். இப்பவே சொல்றேன். நீ கேளு."

ஃபோன எடுத்து சாந்தினிக்குப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சேன். அந்தப் பக்கம் ரூம் கூட்டுற வேக்கும் மெசின் ஓடுற சத்தம், அப்புறம் நின்னுச்சு.

"சொல்லுங்க டீச்சர், மூணு போட்டாச்சா?"

"சாந்தினி, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. ரெண்டுதான் போட்டிருக்கேன். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்கு நாலாம் ஆண்டுலேருந்தே படிக்க வராது. எனக்குத் தெரியும். தெரிஞ்சே மூணு போட்டேன். அவ தாளெல்லாம் பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதினது. அவ உங்ககிட்ட சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னது நான்."

லைன் போயிடுச்சோன்னு பாத்தேன்.

அப்புறம் சாந்தினி பேசினாங்க. கோவமே இல்ல. அவ்வளவு மரியாதையா, அவ்வளவு நன்றியோட பேசினாங்க.

"உங்க மனசு யாருக்கு வரும் டீச்சர். நான் அவள அடிச்சிடுவேன்னுதானே பழிய நீங்க ஏத்துக்கிறீங்க? டீச்சரா இருக்கிறவங்க பொய்யா நம்பர் போடுவாங்களா? எனக்குத் தெரியாதா? அவதான் வந்து உங்ககிட்ட அழுதிருப்பா. பக்கத்துலதானே இருக்கா? வீட்டுக்கு வரச் சொல்லுங்க. உங்களையே பொய் சொல்ல வச்சிட்டாளே, நான் பேசிக்கிறேன்."

"சாந்தினி, கேளுங்க, சத்தியமா…"

"சூப்பர்வைசர் வராங்க டீச்சர், வைக்கிறேன்."

திரும்பப் போட்டேன். எடுக்கல. இன்னொரு தடவ போட்டேன். எடுக்கல.

லோஷினி பைய மேல ஏத்திக்கிட்டா. முகத்துல ஆச்சரியம்கூட இல்ல. "நம்ப மாட்டாங்க டீச்சர்"னு சொன்னா, என்னத் தேத்துற மாதிரி. "தங்கச்சி கீழ தனியா நிக்கிறா. நான் போறேன்."

நானும் கூட வரேன்னு எந்திரிச்சேன். வேணாம் டீச்சர், நீங்க வந்து சொன்னா இன்னும்தான் அடி விழும்னா. வாசல்ல போயி நின்னு, தினம் பாடம் முடிஞ்சா வகுப்பே எந்திரிச்சுச் சொல்ற பழக்கத்துல, "நன்றி டீச்சர்"னு சொல்லிட்டு எறங்கிப் போனா.